1973 போர்: களத்தில் சிக்கிய எகிப்து சினாயை எப்படித் திரும்பப் பெற்றது?

கேள்வி இது: "1973 அக்டோபர் போர் நின்றபோது இஸ்ரேலியப் படை கெய்ரோவிலிருந்து சுமார் 100 கிலோமீட்டரில் இருந்தது. எகிப்தின் மூன்றாம் ராணுவம் முற்றுகைக்குள் தண்ணீருக்குத் தவித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் எகிப்து ஆண்டுதோறும் அக்டோபர் 6-ஐ வெற்றி நாளாகக் கொண்டாடுகிறது. இது வெறும் பிரசாரமா? கிளாஸ்விட்ஸ் போன்றவர்களின் போர்க் கோட்பாட்டை வைத்து நியாயமான தீர்ப்பு சொல்ல முடியுமா?"

முடியும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போரின் கடைசி வாரத்தில் களம் இஸ்ரேல் கையில்தான் இருந்தது, அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் எகிப்து அதிபர் அன்வர் சதாத் எதற்காகப் போருக்குப் போனாரோ, அதில் பெரும்பகுதியை வாங்கிவிட்டார். அதே நாளில், அதே நேரத்தில், அதே எதிரியைத் தாக்கிய சிரியாவால் வாங்க முடியவில்லை. ஒரே போரில் இரண்டு நாடுகளுக்கு இரண்டு விதமான முடிவு ஏன் என்பதைத்தான் ஒரு கோட்பாடு விளக்க வேண்டும். கிளாஸ்விட்ஸின் கோட்பாடு விளக்குகிறது.

நெப்போலியனை எதிர்த்துப் போரிட்ட பிரஷ்ய அதிகாரி அவர். 1831-இல் இறந்தார், முடிக்கப்படாத கையெழுத்துப் படிகளை அவர் மனைவி மரீ அடுத்த ஆண்டு முதல் நூலாக வெளியிட்டார். போர் என்பது அரசியலின் தொடர்ச்சி என்ற ஒரு வரி மட்டும் ஊரெல்லாம் பரவியிருக்கிறது. போர்களை மதிப்பிடுவது எப்படி என்று அவர் தனி அத்தியாயமே எழுதியிருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. அதில் 1797-இல் நெப்போலியன் போனபார்ட் இத்தாலியிலிருந்து ஆல்ப்ஸைத் தாண்டி வியன்னாவை நோக்கிப் போனதை எடுத்துக்கொள்கிறார். அந்தப் படையெடுப்பை மட்டும் பார்த்தால் ஒரு தீர்ப்பு வருகிறது. ஆஸ்திரியாவின் மற்றப் படைகள் எங்கே இருந்தன என்று பார்த்தால் வேறு தீர்ப்பு. தலைநகரம் ஆபத்தில் இருக்கிறது என்ற அச்சம் அரசவையை என்ன செய்தது, அதிலிருந்து எப்படிச் சமாதானம் பிறந்தது என்றுவரை போனால் மூன்றாவது தீர்ப்பு. எந்த வட்டத்துக்குள் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து மதிப்பீடே மாறுகிறது. ஆகவே கடைசி வட்டம்வரை, அதாவது அரசியல் நோக்கம்வரை, போய்ப் பார்க்க வேண்டும் என்கிறார்.

அந்த நோக்கத்தைப் போருக்கு முந்தைய ஆதாரங்களிலிருந்து எடுக்க வேண்டும் என்று நான் சேர்த்துக்கொள்வேன். போர் முடிந்தபிறகு எல்லா அரசுகளும், கிடைத்ததையே தாங்கள் கேட்டதாகச் சொல்லும். கொண்டாட்டங்களை வைத்து எகிப்தை மதிப்பிடக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். நல்ல வேளையாக, சதாத் என்ன கேட்டார் என்பதற்குப் போருக்கு முந்தைய பதிவுகள் இருக்கின்றன.

1967 ஜூன் போரில் சினாய் தீபகற்பம் முழுவதும் போயிற்று. சூயஸ் கால்வாய் மூடப்பட்டது. கால்வாயின் கிழக்குக் கரையில் இஸ்ரேல் பார் லெவ் அரணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. எகிப்து அதிபர் நாசர் 1970 செப்டம்பரில் இறந்தபின் பதவிக்கு வந்த சதாத், 1971 பிப்ரவரி 4 அன்று ஒரு யோசனையை முன்வைத்தார்: இஸ்ரேல் கிழக்குக் கரையிலிருந்து ஓரளவு பின்வாங்கட்டும், நாங்கள் கால்வாயைத் திறக்கிறோம். அது எங்கும் போய்ச் சேரவில்லை. 1972 ஜூலையில் சோவியத் ராணுவ ஆலோசகர்களை வெளியேற்றினார். வாஷிங்டன் அதற்கும் பெரிதாக அசையவில்லை. 1973 பிப்ரவரியில் அவருடைய பாதுகாப்பு ஆலோசகர் ஹாஃபிஸ் இஸ்மாயில், அமெரிக்க அதிபரின் பாதுகாப்பு ஆலோசகர் கிஸ்ஸிஞ்சரை ரகசியமாகச் சந்தித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். தோற்ற நாடு தோற்ற நாடாகத்தான் பேச முடியும் என்பதே அந்தச் சந்திப்பு சொன்ன சேதி.

இந்தப் பின்னணியில் 1972 அக்டோபர் 24 அன்று, கீசாவில் சதாத் வீட்டில் நடந்த தளபதிகள் கூட்டம்தான் போரின் உண்மையான தொடக்கம் என்று நினைக்கிறேன். போர் அமைச்சர் முகமது சாதிக்கும் வேறு சிலரும், ராணுவம் இன்னும் தயாராகவில்லை என்று வாதிட்டார்கள். சினாய் முழுவதையும் மீட்கும் பலம் வந்தபிறகே போர் என்பது அவர்கள் நிலை. சதாத் அவர்களைப் பதவியிலிருந்து நீக்கிவிட்டு அஹ்மத் இஸ்மாயில் அலியைக் கொண்டுவந்தார். தலைமைத் தளபதி சாத் எல் ஷாஸ்லி கையில் ஏற்கெனவே சிறிய திட்டம் ஒன்று இருந்தது: கால்வாயைக் கடந்து 10 முதல் 12 கிலோமீட்டர் ஆழத்துக்கு ஒரு பட்டையைப் பிடித்து, அங்கேயே அகழி வெட்டி உட்கார்ந்துகொள்வது. ஏன் 12 கிலோமீட்டர்? கால்வாயின் மேற்குக் கரையில் நின்ற விமான எதிர்ப்பு ஏவுகணைகளின் பாதுகாப்பு ஏறக்குறைய அங்கேதான் முடிகிறது. அதற்கு அப்பால் இஸ்ரேலிய விமானப்படையின் ராஜ்யம்.

போருக்கு முந்தைய நாட்களில் சதாத் அஹ்மத் இஸ்மாயிலுக்குக் கொடுத்த எழுத்துவழி ஆணையும் இதே அளவில்தான் இருந்தது. போர்நிறுத்தத்தை உடைத்துத் தேக்கநிலையைக் கலைக்க வேண்டும். எதிரிக்கு அதிகபட்ச இழப்பை ஏற்படுத்த வேண்டும். நமது படையின் சக்திக்கு ஏற்ப நிலத்தைக் கட்டம் கட்டமாக மீட்க வேண்டும். ஆக்கிரமிப்பைத் தொடர்ந்தால் தாங்க முடியாத விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று இஸ்ரேல் உணர வேண்டும் என்பதே சாரம். இஸ்ரேலை அழிப்பது என்றோ சினாய் முழுவதையும் போரிலேயே பிடிப்பது என்றோ அதில் இல்லை.

எதிரியை வீழ்த்தி, சொன்னதற்கெல்லாம் கையெழுத்துப் போடவைக்கும் போர் ஒரு வகை. எல்லையோரம் கொஞ்சம் நிலத்தைப் பிடித்துக்கொண்டு பேரத்தில் அமரும் போர் இன்னொரு வகை என்று கிளாஸ்விட்ஸ் பிரிக்கிறார். தான் தொடங்கப்போவது எந்த வகை என்று தெரிந்துகொள்வதே ஆட்சியாளரின் முதல் கடமை, மிகப் பெரிய முடிவும் அதுதான் என்கிறார். சாதிக் முதல் வகையை மனதில் வைத்து, பலம் போதாது என்றார். சதாத் இரண்டாம் வகையைத் தேர்ந்தெடுத்து, இருக்கிற பலம் போதும் என்றார்.

இஸ்ரேலிய உளவுத்துறை ஏமாந்ததற்கும் வேர் இதே இடத்தில்தான் இருக்கிறது. நீண்டதூரக் குண்டுவீச்சு விமானங்களும் ஸ்கட் ஏவுகணைகளும் கிடைக்காமல் எகிப்து போருக்கு வராது, எகிப்து வராமல் சிரியா தனியாக வராது என்று அவர்கள் உறுதியாக நம்பினார்கள். முதல் வகைப் போருக்கு அது சரியான கணிப்புதான். சதாத் போரின் வகையையே மாற்றிவிட்டது அவர்கள் கணக்கில் வரவில்லை. கால்வாய்க் கரையில் படை குவிவதைப் பார்த்துக்கொண்டே, பயிற்சி என்று எழுதி வைத்தார்கள்.

அக்டோபர் 6, பிற்பகல் 2 மணி. சுமார் 2,000 பீரங்கிகள் முழங்க, 200-க்கும் மேற்பட்ட விமானங்கள் கடந்து செல்ல, முதல் அலையில் 4,000 பேர் ரப்பர் படகுகளில் இறங்கினார்கள். ஆட்கள் கடப்பது ஒரு பிரச்சினை, டாங்கிகள் கடப்பது வேறு பிரச்சினை. எதிர்க்கரையில் 20 மீட்டர் வரை உயரத்துக்கு மணல் குவித்து வைத்திருந்தது இஸ்ரேல். அதில் வழி திறக்காமல் பாலம் போட்டும் பயனில்லை. ஒரு வழிக்கு 1,500 கன மீட்டர் மணலை அகற்ற வேண்டும். வெடிவைத்து புல்டோசரால் தள்ளினால், எதிரி சுடாமல் இருந்தாலே ஐந்தாறு மணி நேரம் ஆகும். பாக்கி ஸக்கி யூசுஃப் என்ற இளம் பொறியாளர் அதிகாரி, அஸ்வான் அணைக் கட்டுமானத்தில் வேலை பார்த்தவர், அங்கே மணலைத் தண்ணீர் பாய்ச்சிக் கரைத்ததைப் பார்த்திருந்தார். அதையே இங்கே செய்யலாம் என்றார். பிரிட்டனிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வாங்கிய பம்புகளை மிதவைகளில் ஏற்றி, கால்வாய்த் தண்ணீரையே பீய்ச்சி, இரண்டு மணி நேர அளவில் வழி திறந்தார்கள். மறுநாள் காலைக்குள் ஏறத்தாழ 90,000 வீரர்களும் 850 டாங்கிகளும் கிழக்குக் கரையில் இருந்ததாக ஷாஸ்லி கணக்குத் தருகிறார்.

இந்தப் பம்பு விஷயத்தை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குறுகிய இலக்கு இருந்ததால்தான் அந்த ஒரு தடையைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக ஆண்டுக்கணக்கில் யோசிக்கவும் ஒத்திகை பார்க்கவும் முடிந்தது.

கடந்தபின் அவர்கள் ஓடவில்லை. உட்கார்ந்தார்கள். தற்காப்பே போரின் வலுவான வடிவம் என்று கிளாஸ்விட்ஸ் திரும்பத் திரும்பச் சொல்வார். எகிப்து அந்த வலுவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. நிலத்தைப் பிடித்தது எகிப்து. அதை மீட்கத் தாக்கவேண்டிய கட்டாயம் இஸ்ரேலுக்கு. அக்டோபர் 8 அன்று இஸ்ரேலிய டாங்கிகள் போதிய காலாட்படைத் துணையின்றிப் பாய்ந்து வந்தபோது, தோளில் தாங்கிய ஆர்பிஜியும் கம்பிவழி செலுத்தும் சாகர் ஏவுகணையும் அவற்றை எரித்தன. 1967 முதல் அசைக்க முடியாததாகத் தோன்றிய ஒரு நம்பிக்கை அன்று உடைந்தது. போர் அன்றே நின்றிருந்தால் சதாத்தின் கணக்கு அப்படியே நிறைவேறியிருக்கும்.

நிற்கவில்லை. 1967-இல் இஸ்ரேலிடம் இழந்த கோலான் மேட்டில் சிரியா மோசமான நிலையில் இருந்தது. முதல் நாளில் சுமார் 180 இஸ்ரேலிய டாங்கிகளுக்கு எதிராக 1,400 அளவில் டாங்கிகளை இறக்கிய சிரியா, தெற்குக் கோலானில் கலிலேயக் கடலைப் பார்க்கும் தூரம்வரை வந்தது. நான்கைந்து நாட்களில் எல்லாம் தலைகீழாயிற்று. அக்டோபர் 11-இல் இஸ்ரேலியப் படை டமாஸ்கஸ் திசையில் முன்னேறத் தொடங்கியது. சதாத்தோ போருக்கு முன்பு சிரிய அதிபர் அசாத்திடம், எகிப்தியப் படை சினாய்க்கு உள்ளே இருக்கும் மித்லா, கிதி கணவாய்கள்வரை போகும் என்ற திட்டத்தைக் காட்டியிருந்தார். அது காட்டுவதற்காக மட்டுமே தயாரித்த திட்டம்; அந்த வேலையைச் செய்யச் சொன்னபோது தனக்கு அருவருப்பாக இருந்தது என்று ஷாஸ்லி பின்னாளில் எழுதினார். கூட்டாளிகள் ஒருவருக்கொருவர் முழு நோக்கத்தைச் சொல்லாமல் போருக்குப் போனால் அதன் கடன் நடுவழியில் வந்து நிற்கும். வந்து நின்றது. சிரியாவின் மீதான அழுத்தத்தைக் குறைக்கக் கணவாய்களை நோக்கித் தாக்கும்படி சதாத் ஆணையிட்டார். ஷாஸ்லி மறுத்தார். இரண்டாம் ராணுவத் தளபதி மாமூனும் மூன்றாம் ராணுவத் தளபதி வாசிலும் மறுத்தார்கள். இது அரசியல் முடிவு என்று பதில் வந்தது.

அக்டோபர் 14 அன்று எகிப்திய டாங்கிகள் ஏவுகணைப் பாதுகாப்பைத் தாண்டி வெளியே வந்தன. அன்று ஒரே நாளில் 250 அளவில் அழிந்தன. மாமூன் மாரடைப்பால் விழுந்தார். அதைவிடப் பெரிய சேதம் வேறு: இந்தத் தாக்குதலுக்காக, மேற்குக் கரையில் காவலாக வைத்திருந்த கவசப் படைகளைக் கிழக்கே கொண்டுபோயிருந்தார்கள். அந்த வெற்றிடத்தில்தான் 15-ஆம் தேதி இரவு, இரண்டு எகிப்திய ராணுவங்களுக்கு இடையிலிருந்த இடைவெளி வழியாக, இஸ்ரேலியத் தளபதி ஷரோனின் படை டெவர்சோயர் அருகே கால்வாயை எதிர்த்திசையில் கடந்தது. பத்தே நாளில் மூன்றாம் ராணுவம் முற்றுகையில்.

ஒவ்வொரு தாக்குதலும் முன்னேற முன்னேறப் பலம் குறைந்து, ஓர் உச்சப் புள்ளியை அடைகிறது. அதைத் தாண்டிக் கால் வைத்தால் விளைவு திரும்பி அடிக்கும் என்பது கிளாஸ்விட்ஸின் மிகக் கூர்மையான கருத்துகளில் ஒன்று. அந்த உச்சப் புள்ளியைத் திட்டத்திலேயே கிலோமீட்டர் கணக்கில் குறித்து வைத்திருந்த படையே அதை மீறியது என்பதுதான் இந்தப் போரின் பெரிய சோகம். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அரசியல் போரை வழிநடத்த வேண்டும் என்றுதான் அவர் சொன்னார். ஆனால் கருவியின் இயல்புக்கு ஒவ்வாததை அரசியல் அதனிடம் கேட்கக் கூடாது என்றும் சேர்த்தே சொன்னார். 14-ஆம் தேதி சதாத் அதைத்தான் கேட்டார். அவருடைய அரசியல் மேதைமையைப் புகழ்பவர்கள் இந்த நாளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்த டாங்கிகளுக்குள் எரிந்தவர்கள் அவர் கணக்கில் எழுதப்பட வேண்டியவர்களே.

பிறகு எகிப்து தப்பியது எப்படி? இங்கே இரண்டு கருத்துகள் உதவும். தாக்கப்பட்டு வீழப்போகும் நாட்டை, அதன் மேல் அன்பினால் அல்லாமல், சமநிலை குலையக் கூடாது என்ற தங்கள் நலனுக்காக மற்ற நாடுகள் தாங்கிப் பிடிக்கும் என்று தற்காப்பு பற்றிய பகுதியில் கிளாஸ்விட்ஸ் எழுதுகிறார். அக்டோபர் 22 போர்நிறுத்தத் தீர்மானத்துக்குப் பின்னும் இஸ்ரேல் முற்றுகையை இறுக்கியபோது, சோவியத் யூனியன் தலையிடப்போவதாக மிரட்ட, அமெரிக்கா தன் படைகளை உலகளாவிய உஷார் நிலைக்குக் கொண்டுவந்தது. அதே சமயம் மூன்றாம் ராணுவத்தை அழிக்கக் கூடாது என்று இஸ்ரேலின் கையைப் பிடித்துக்கொண்டதும் அமெரிக்காதான். அழிந்த எகிப்தோடு கிஸ்ஸிஞ்சருக்குப் பேச ஒன்றும் இருந்திருக்காது.

மற்றது, எதிரியின் பலத்தின் மையம் எது என்ற கேள்வி. பெரிய நாட்டைச் சார்ந்து நிற்கும் சிறிய நாட்டுக்கு அந்த மையம், காப்பாற்றும் நாட்டின் படையில்தான் இருக்கிறது என்கிறார் கிளாஸ்விட்ஸ். சீட்டுகள் எல்லாம் அமெரிக்கா கையில் என்று சதாத் சொல்லிக்கொண்டே இருந்ததற்குப் பொருள் இதுவே. கால்வாயைக் கடந்தாலும் அவர் குறி வாஷிங்டனின் கவனம். அரபு நாடுகளின் எண்ணெய்த் தடையும் சேர்ந்துகொள்ள, அந்தக் கவனம் முழுமையாகக் கிடைத்தது.

கிடைத்ததைப் பார்ப்போம். 1974 ஜனவரி 18 ஒப்பந்தப்படி இஸ்ரேல் கால்வாயின் மேற்குக் கரையை முழுதாக விட்டுவிட்டு, கால்வாயிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் கிழக்கே நகர்ந்தது. எகிப்து கிழக்குக் கரையில் 7,000 வீரர்களையும் வெறும் 30 டாங்கிகளையும் மட்டுமே வைத்துக்கொள்ளலாம். அஸ்வானில் இந்த எண்ணைக் கேட்டபோது எகிப்திய ஜெனரல் கமாசி ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணீர் விட்டார். நூற்றுக்கணக்கான டாங்கிகளை அக்கரை சேர்த்த படையின் தளபதி அவர், வேதனை நியாயமானது. ஆனால் சதாத் டாங்கிகளை எண்ணவில்லை, திசையை எண்ணினார். 1975 ஜூன் 5 அன்று கால்வாய் மீண்டும் திறந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கணவாய்களும் அபு ருதைஸ் எண்ணெய் வயல்களும் திரும்பின. 1977 நவம்பரில் சதாத் ஜெருசலேம் போனார். 1978-இல் அமெரிக்காவில் கேம்ப் டேவிட் பேச்சுவார்த்தை. 1979 மார்ச் 26-இல் சமாதான உடன்படிக்கை. 1982 ஏப்ரல் 25-இல் கடைசி இஸ்ரேலிய வீரர் சினாயிலிருந்து வெளியேறினார். சிறிய டாபா மூலை மட்டும் நடுவர் தீர்ப்புக்குப் போய் 1989-இல் வந்தது.

சிரியாவுக்கு 1974 மே மாத ஒப்பந்தத்தில் இடிந்துபோன குனெய்த்ரா நகரமும் ஒரு பட்டை நிலமும் கிடைத்தன. கோலான் கிடைக்கவில்லை. 1981 டிசம்பரில் இஸ்ரேல் தன் சட்டத்தை அங்கே நீட்டித்தது. சிரிய வீரர்களின் வீரம் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. அசாத்தின் இலக்கு, நிலம் முழுவதையும் படைபலத்தாலேயே மீட்பது. கையிலிருந்த படைக்கு அது பெரிய இலக்கு. அதோடு, ஒரு பொருளை எவ்வளவு மதிக்கிறோமோ அவ்வளவு தூரம்தான் அதற்காகத் தியாகம் செய்வோம் என்ற கிளாஸ்விட்ஸின் விதியையும் பொருத்திப் பாருங்கள். சினாய் 60,000 சதுர கிலோமீட்டர் பாலைவனம்; இஸ்ரேலுக்கு அது தூரத்தால் வரும் பாதுகாப்பு, வேறு உத்தரவாதம் கிடைத்தால் விட்டுவிடக் கூடியது. கோலானின் உயரத்திலிருந்து கீழே பார்த்தால் வடக்கு இஸ்ரேலியக் கிராமங்கள் தெரியும். அதற்கு இஸ்ரேல் கொடுக்கத் தயாராக இருந்த விலை வேறு.

இஸ்ரேல் தோற்றதா என்றால், அதுவும் இல்லை. 2,600-க்கும் மேற்பட்டோரை இழந்தது, பிரதமர் கோல்டா மேயர் 1974 ஏப்ரலில் பதவி விலகினார், இருப்பதை இருக்கிறபடியே வைத்துக்கொள்ளும் கொள்கை சிதறியது. ஆனால் 1948 முதல் தேடிய ஒன்று, மிகப் பெரிய அரபு நாட்டின் அங்கீகாரம், கிடைத்தது. ஒரு சண்டையில் ஒருவர் வென்றால் மற்றவர் தோற்றே ஆக வேண்டும். அரசியல் நோக்கங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

எகிப்தின் கணக்கிலும் இழப்பு உண்டு. சினாய் வந்தது, ஆனால் இஸ்ரேலிய எல்லையை ஒட்டிய மண்டலத்தில் எகிப்திய ராணுவம் கிடையாது, போலீஸ் மட்டும் என்ற நிபந்தனையோடு வந்தது. அரபு லீக் எகிப்தை நீக்கி வைத்துத் தலைமையகத்தை டூனிஸுக்கு மாற்றிக்கொண்டது. பாலஸ்தீனர் உரிமை பற்றி ஜெருசலேமில் சதாத் பேசினார். அதற்கான பேச்சுவார்த்தை செத்துப்போயிற்று. அது அவருடைய நோக்கங்களில் ஒன்று என்று நாம் எடுத்துக்கொண்டால், அந்த நோக்கம் தோற்றது என்றே எழுத வேண்டும். 1981 அக்டோபர் 6, அதே போரின் நினைவு அணிவகுப்பில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இனி, எல்லாவற்றையும் போரின் கணக்கில் வரவு வைப்பது சரியா? 1977-இல் இஸ்ரேலில் பெகின் வென்றதும், அமெரிக்காவில் கார்ட்டர் வந்ததும், சதாத் விமானம் ஏறத் துணிந்ததும் போர் தந்தவை அல்ல. 1979 உடன்படிக்கைக்குப் போர் ஒரு காரணம், அவ்வளவே. 1974 ஒப்பந்தத்தைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். அது நேரடியாகப் போரில் விளைந்தது. அந்த ஒப்பந்தத்தை 1971 பிப்ரவரி யோசனைக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். கால்வாயை விட்டு இஸ்ரேல் ஓரளவு விலகுவது, கால்வாய் திறக்க வழி பிறப்பது, மிச்சத்தைப் பிறகு பேசுவது: எலும்புக்கூடு ஒன்றுதான். பேச்சில் மறுக்கப்பட்டது, பல ஆயிரம் பேர் இறந்தபின் கையெழுத்தாயிற்று. சதாத்தின் போர் நோக்கத்தை அடைந்தது என்று தீர்ப்பெழுதும் அதே கையால், 1971-இல் அந்த யோசனையைத் தட்டிக்கழித்த கோல்டா மேயர் அரசின் மீதும், அதை அழுத்தமாக எடுத்துச் செல்லாத வாஷிங்டன் மீதும் அந்த உயிர்களின் பொறுப்பில் ஒரு பங்கை நான் எழுதுவேன்.